கடைசி பட்டன் அவ அழுத்தட்டும்

கேள்வி: என் பொண்ணுக்கு 19 வயசு. சின்ன வயசுலயே அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுன்னு சொல்லிட்டாங்க. படிக்கிறது, கணக்கு ரெண்டுலயும் தடுமாறுவா, புதுசா எதுவும் பழக ரொம்ப நாளாகும். ஆனா எல்லார்கிட்டயும் நல்லா பழகுவா. துணி துவைக்கிறதுல இருந்து பஸ் ஏத்தி விடறது வரைக்கும் எல்லாம் நான்தான். எங்க காலத்துக்கு அப்புறம் இவ கதி என்னன்னு நெனச்சா தூக்கமே வரல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: வாஷிங் மெஷின்ல ஆரம்பிங்கம்மா. நாம பொதுவா என்ன பண்றோம், முதல் ஸ்டெப்ப சொல்லிக் குடுப்போம், பாதில அவ முழிச்சா "தள்ளு, நான் பாத்துக்கறேன்"னு நாமளே முடிச்சிருவோம், ஆக தடுமாறுறது அவ, முடிச்ச திருப்தி மட்டும் நமக்கு! ஸ்பெஷல் டீச்சருங்க இத தலைகீழா பண்ணுவாங்க. துணி போடறது, சோப்புத்தூள், செட்டிங் எல்லாம் நீங்க, கடைசி பட்டன் மட்டும் அவ. அது பழகினதும் செட்டிங்கும் பட்டனும் அவ, அப்புறம் சோப்புத்தூளும் சேத்து. இப்படியே பின்னாலருந்து முன்னால வாங்க, தெனமும் வேலைய முடிக்கிறது அவ கைதான்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க, வாயையும் கொஞ்சம் கட்டணும். கையப் பிடிச்சு செய்ய வைக்கிறதக்கூட மெல்ல விட்டுரலாம், "ம், அடுத்து சோப்பு எடு"ன்னு சொல்றது இருக்கே, அத விடறதுதான் கஷ்டம், ஏன்னா சொல்றோம்னே நமக்குத் தெரியாது, அவளும் அந்தக் குரலுக்கே காத்திருந்து பழகிருவா. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ஸ்டெப் ஸ்டெப்பா போட்டோ எடுத்து மெஷின் மேல ஒட்டிடுங்க, மறந்தா உங்க மூஞ்சிய பாக்காம அத பாக்கட்டும்.

பஸ்ஸுக்கு முதல்ல பக்கத்து சீட், அப்புறம் பின்னாடி சீட், அப்புறம் எறங்குற ஸ்டாப்ல போய் நில்லுங்க. ஸ்டாப்ப தவற விட்டா என்ன பண்ணணும், யார்கிட்ட கேக்கணும், யாருக்கு போன் போடணும்ங்கிறதையும் சேத்து பழக்குங்க, வழி தெரியறத விட இது முக்கியம்னு நான் சொல்வேன்.

காசுல பாக்கி கணக்கு போடத் தெரிஞ்சாதான் கடைக்கு அனுப்புவேன்னா அனுப்பவே மாட்டீங்க. கடைக்காரர் 43 ரூபான்னு சொன்னா நாலுக்கு அடுத்தது அஞ்சு, பத்து ரூபா நோட்டு அஞ்சு எடுத்துக் குடுன்னு பழக்குங்க, அவ்ளோதான். மணியும் அப்படித்தான், முள்ளு கடிகாரம் வரலன்னா போகட்டும், போன்ல நம்பர் பாக்கத் தெரிஞ்சா போதும்.

கேள்வி: என் தம்பிக்கும் இதே பிரச்சன, 18 ஆகப்போகுது. பேங்க், ஆஸ்பத்திரி கையெழுத்து எல்லாம் இனி நாங்களே போடற மாதிரி பண்ணிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. 2006ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைல 12வது பிரிவே இதப்பத்திதான், சட்டத்து முன்னால அவங்களும் மத்தவங்களுக்கு சமம், முடிவெடுக்க உதவி தேவைப்பட்டா அந்த உதவி கிடைக்க நாடுதான் வழி பண்ணணும். உங்க ஊரு சட்டத்த ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க, ஆனா அதுக்கு முன்னாடி தம்பிகிட்ட கேளுங்க. சின்னச் சின்ன வாக்கியமா, ஒரு நேரத்துல ஒரு விஷயம். "சரியா?"ன்னு கேட்டா எதுக்கும் "சரி"ன்னு சொல்றவங்க இவங்கள்ல நெறைய பேர், அதனால "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பாப்போம்"னு அவன் வாயாலயே கேட்டுக்கோங்க.