வாட்ஸ்ஆப்பில் எழுதியது வீட்டில் எப்படித் தெரிந்தது?

வணக்கம். வாட்ஸ்ஆப் செய்தியை அனுப்பியவரும் பெற்றவரும் தவிர யாரும் படிக்க முடியாது என்கிறார்கள். பிறகு பெகாசஸ் என்ற வேவு மென்பொருள் எப்படிப் படித்தது? தோழிக்கு மட்டும் நான் எழுதியவை சில வாரங்களாக என் வீட்டில் தெரிந்துவிடுகின்றன. என் போனிலும் அது இருக்குமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறைதான் என்க்ரிப்ஷன். அது காப்பது செய்தி போகும் வழியை. போய்ச் சேர்ந்ததும் நீங்கள் படிப்பதற்காகப் போன் அதைப் பிரித்துத் திரையில் காட்டியாக வேண்டும். பெகாசஸ் உட்காருவது அங்கேதான். என்க்ரிப்ஷனை அது உடைப்பதே இல்லை. 2019இல் வாட்ஸ்ஆப் அழைப்பு வசதியிலிருந்த ஓட்டை வழியே பெகாசஸை ஏற்றச் சுமார் 1400 போன்களைக் குறிவைத்தார்கள். அழைப்பை எடுக்கக்கூட வேண்டியதில்லை. 2021இல் அது ஐபோனுக்கு வந்தது, ஜிஃப் (அசையும் படம்) என்று பெயர் மாட்டிய பிடிஎஃப் கோப்பாக. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 14.8 பதிப்பு வந்துதான் அந்த ஓட்டை அடைபட்டது.

ஆனால் அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக, பெகாசஸை உருவாக்கிய என்எஸ்ஓ நிறுவனம் சொல்லும் சரக்கு அது. வீட்டுக்குள் வேவு பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்கள் வாட்ஸ்ஆப்பைக் கணினியில் காட்டும் வாட்ஸ்ஆப் வெப் போதும். உங்கள் போனின் பூட்டு எண் தெரிந்தவர், தன் கணினித் திரையில் தெரியும் க்யூஆர் கோடை உங்கள் போனால் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டால், பிறகு உங்கள் போன் அணைந்திருந்தாலும் அவர் கணினியில் எல்லாம் வரும். இப்படி நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். 14 நாட்கள் நீங்கள் போனில் வாட்ஸ்ஆப்பைத் தொடாமல் இருந்தால் அவை தானாகத் துண்டிக்கப்படும். யார் அப்படி இருக்கிறோம்? வாட்ஸ்ஆப்பில் லிங்க்ட் டிவைசஸ் (இணைந்த சாதனங்கள்) பகுதியைத் திறந்தால் எந்தச் சாதனம், கடைசியாக எப்போது இயங்கியது என்பது தெரியும்.

அங்கே ஒன்றுமில்லையென்றால், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டியைப் பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்வது போன்ற வசதிகள் இருக்கும் இடம் அது. வேவுச் செயலிகளும் அதே அனுமதியைத்தான் கேட்டு வாங்குகின்றன. நீங்கள் நிறுவாத ஒன்று, ‘சிஸ்டம் சர்வீஸ்’ போன்ற சாதுவான பெயரில், ஆன் ஆகியிருக்கலாம். பிளே ஸ்டோரில், ஆபத்தான செயலிகளைத் தேடும் பிளே புரொடெக்ட் அணைந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். தோழியையும் தன் போனில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம்.

கண்டதும் நீக்கிவிடாதீர்கள். நீக்கியது வைத்தவருக்குத் தெரிந்துவிடலாம். முதலில் வேறொரு போனால் அந்தத் திரையைப் படமெடுங்கள். அடி உதைக்குப் பயப்பட வேண்டிய வீடென்றால், பெண்களுக்கான உதவி எண் 181க்கும் அந்த வேறு போனிலிருந்தே பேசுங்கள். துண்டித்த பிறகு பூட்டு எண்ணை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே திரும்ப இணைத்துவிடுவார்கள். எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் கைரேகைப் பட்டியலை மறந்துவிடுவதுண்டு. அதில் எத்தனை விரல்கள் பதிவாகியிருக்கின்றன என்று எண்ணுங்கள். சந்தேகமிருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் விரலை மட்டும் புதிதாகப் பதியுங்கள்.