சாட்சிக் கூண்டு ஏறும் முன்: கைமாற்றுக் கடன் வழக்கு

வணக்கம். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட்டு, அடுத்த மாதம் நீங்களே சாட்சி சொல்லப் போவதாக எழுதியிருந்தீர்கள். கையில் வாட்ஸ்அப் உரையாடல்தான் முக்கிய ஆதாரம் என்றும் சொன்னீர்கள்.

முதலில் ஒரே தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, நடந்தது, அதைக் காட்டும் ஆவணம். மூன்றாவது கட்டம் எங்கே காலியோ, எதிர்த்தரப்பு வக்கீல் குடையப் போவது அங்கேதான்.

வாட்ஸ்அப்பில் உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். போன் எண்ணும் தேதியும் தெரிய, முன்னும் பின்னும் முழுதாக வேண்டும். அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. அச்சுப் பிரதியைச் சந்தேகித்தால் அசலைக் காட்ட வேண்டி வரும்.

மனுவில் 'மார்ச் 5, ரொக்கம்' என்று எழுதிவிட்டுக் கூண்டில் 'மார்ச் கடைசி, பாதி வங்கியில்' என்றால் கதை கந்தல். அதனால் மனுவை இரண்டு மூன்று தடவை படியுங்கள். மனப்பாடம் மட்டும் வேண்டாம், ஒப்பிப்பது உடனே தெரிந்துவிடும். கேள்வி முடியும்வரை பொறுத்து, கேட்டதற்கு மட்டும் பதில். நிஜமாகவே மறந்திருந்தால் 'நினைவில்லை' என்று சொல்லலாம்; ஊகித்துச் சொல்வதுதான் ஆபத்து.

கடன் வாங்கியவர் இடையில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்திருந்தால், அதை இன்றே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.