மசியாத ஏழு

கேள்வி: பாபிலோனியர்களிடம் பூஜ்யம் இருந்ததா?

பதில்: தொடக்கத்தில் இல்லை. எண்ணின் நடுவே ஓர் இடம் காலி என்றால் களிமண் பலகையில் கொஞ்சம் இடைவெளி விட்டார்கள். கி.மு. 300 வாக்கில் அங்கே சாய்ந்த ஆப்புக் குறிகள் இரண்டை இட்டார்கள். 1, 60, 3600 மூன்றுக்கும் ஒரே குறிதான். எது என்பதைக் கணக்கை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணியவர்கள் வகுத்தல் கணக்கை எப்படிப் போட்டார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அவர்கள் நம்மைப் போல வகுக்கவில்லை, பெருக்கினார்கள். 23-ஐ 5-ஆல் வகுக்க வேண்டுமா? 60-இல் ஐந்தில் ஒரு பங்கு 12. எனவே 23-ஐ 12-ஆல் பெருக்கு: 276. அதாவது நான்கு அறுபதுகளும் 36-ம். ஓரிடம் தள்ளிப் படித்தால் விடை 4, அப்புறம் அறுபதில் 36 பங்கு. நம் கணக்கில் 4.6.

இதற்கென்றே தலைகீழிப் பட்டியல்கள் இருந்தன. ஓர் எண்ணை எதனால் பெருக்கினால் 60 வருமோ, அதுதான் அதன் தலைகீழி. பாபிலோனிய நகரமான நிப்பூரில் எழுத்தர் பயிற்சி பெற்ற சிறுவர்கள், சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன், வாய்ப்பாட்டோடு இவற்றையும் எழுதி எழுதி மனப்பாடம் செய்தார்கள். 2-க்கு 30, 3-க்கு 20, 4-க்கு 15, 5-க்கு 12, 6-க்கு 10. அடுத்து 8 வந்துவிடும். 7-ஐக் காணோம்! அதைவிடப் பழைய சில பட்டியல்களில் 7-க்கு நேரே ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறது. ஏன் என்று 60-ஐ 7-ஆல் வகுத்து, மீதியை ஒவ்வொரு முறையும் 60-ஆல் பெருக்கி, நானே தாளில் போட்டுப் பார்த்தேன். 8, 34, 17 என்று வந்து, மறுபடி 8, 34, 17... முடியவே இல்லை.

அதனால்தான் எனக்கு ஷுருப்பக் பலகைகள் மேல் தனிப் பிரியம். தெற்கு ஈராக்கில் இருந்த சுமேரிய நகரம் அது. அங்கே கிடைத்த சுமார் 4,500 ஆண்டுப் பழைய கணக்கு இது: ஒரு களஞ்சியம் நிறைய பார்லி, ஆளுக்கு 7 சீலா (ஒரு சீலா ஏறக்குறைய ஒரு லிட்டர்), எத்தனை பேருக்கு வரும்? களஞ்சியத்தின் கொள்ளளவு 11,52,000 சீலா. இத்தனை பெரிய அளவைப் போய் 7-ஆல் வகுக்கச் சொல்கிறார்கள்! மசியாத எண் என்பதாலேயே ஆசிரியர் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நம்புகிறேன்.

இதே கணக்குக்கு இரண்டு பலகைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் விடை 1,64,571 பேர், மீதி 3 சீலா. மிகச் சரி, நீங்களும் போட்டுப் பார்க்கலாம். மற்றொன்றில் 1,64,160. எங்கோ தவறிவிட்டார், 411 பேருக்குப் பங்கு விட்டுப்போயிற்று. சரியாகப் போட்டவரை வியக்கிறேன். ஆனால், அந்த இன்னொருவரின் பலகையும் உடையாமல் நம் கைக்கு வந்து சேர்ந்ததில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி.