விரட்டப்பட்டவர்களும் அடிமை வைத்திருந்தார்களா?

கேள்வி: அமெரிக்காவின் செரோக்கி பூர்வகுடிகளை வெள்ளையர்கள் மண்ணைவிட்டு விரட்டியதைப் படித்திருக்கிறேன். அந்தச் செரோக்கிகளே கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள் என்கிறான் நண்பன். நிஜமா? மிஷனரிகள் தடுக்கவில்லையா?

பதில்: நிஜம்தான். 1835 கணக்கெடுப்பின்படி செரோக்கிகள் சுமார் 16,500 பேர், அவர்களிடம் இருந்த அடிமைகள் 1,592 பேர். எல்லோரும் வைத்திருக்கவில்லை, வசதியான சில குடும்பங்கள்தான். போரில் பிடிபட்டவர்களை வைத்துக்கொள்வது அவர்களிடம் முன்பே உண்டு என்றாலும், ஆளை விலைக்கு வாங்கித் தோட்டத்தில் பிழிந்தெடுப்பது வெள்ளையரிடம் கற்றது. வேட்டையை விடு, ஏர் பிடி, பைபிள் படி, அப்போதுதான் நீ நாகரிகமானவன் என்று அரசாங்கம் ஓயாமல் சொன்னது, பக்கத்து வெள்ளைக்காரப் பண்ணையை எட்டிப்பார்த்தால் அந்த நாகரிகம் அடிமைகளின் முதுகில்தான் நின்றது. 1801-ல் ஜார்ஜியாவில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையார் மிஷன் தொடங்கத் துணைநின்ற செரோக்கித் தலைவர் ஜேம்ஸ் வான், பெரிய அடிமை முதலாளி. மிஷனரிகள் எங்கே தடுப்பது, அடிமைகளின் உழைப்பை அவர்களும்தான் வாங்கிக்கொண்டார்கள். எவான் ஜோன்ஸ் போன்ற பாப்டிஸ்ட் போதகர்கள் எதிர்த்தது பிற்பாடு.

சரி, இவ்வளவு மாறினார்களே, வெள்ளையர் சமமாக நடத்தினார்களா? எலியாஸ் பூடினாட் என்ற செரோக்கி இளைஞர் கனெக்டிகட்டின் கார்ன்வால் ஊரில் மிஷன் பள்ளியில் படித்தவர், கிறிஸ்தவர். அந்த ஊர்ப் பெண் ஹாரியட் கோல்டு அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று 1825-ல் தெரிந்ததும், ஊர்க்காரர்கள் நடுத்திடலில் இருவருக்கும் கொடும்பாவி கட்டி எரித்தார்கள். தீ வைத்தவர் ஹாரியட்டின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே தேவனைத் தொழுதவர்கள்! அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது, அப்புறம் பூடினாட் 1828-ல் செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் வந்த முதல் செரோக்கிப் பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

1838-ல் செரோக்கிகளை அமெரிக்கப் படை துப்பாக்கி முனையில் மேற்கே நடத்திப் போனபோது சுமார் 4,000 பேர் மாண்டார்கள். எனக்கு மனம் ஆறாதது, முதலாளிகளோடு அந்த அடிமைகளும் நடந்தார்கள் என்பது. போன இடத்திலும் அடிமைகளேதான். செரோக்கி மன்றம் 1863-ல் அடிமைமுறையை ஒழித்தது, அமெரிக்க அரசோடு செய்த 1866 ஒப்பந்தம் விடுதலையானவர்களுக்குச் சம உரிமை தந்தது. ஆனாலும் 2007-ல் வாக்கெடுப்பு நடத்தி, 'ரத்தவழி' இல்லை என்று அவர்களின் சந்ததியைச் செரோக்கிக் குடியுரிமையிலிருந்து தள்ளினார்கள். 2021-ல்தான் செரோக்கி உச்ச நீதிமன்றமே அந்தச் சொல்லைத் தங்கள் சட்டங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது.