அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியம் பார்க்காமல் திருப்பி அனுப்பினால் யாரைக் கேட்பது? கேட்டால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் "ஆஸ்பத்திரி சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கிடையாது. இது எனக்குப் புரிய ஒரு நாய்க்கடியும் நாலு மாசமும் ஆனது.

ஊர்ப் பேர் வேண்டாம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் வரும் ஊர்களில் ஒன்று. நாட்டுப்படகு, நண்டு வலை. விடிந்ததும் கரையில் பெண்கள் வலையை மடியில் போட்டு உட்கார்ந்து நண்டு கழற்றுவார்கள். ஒடிந்த காலும் உடைந்த ஓடும் மணலில் விழும். அதற்குத்தான் நாய்கள் அங்கேயே கிடக்கும். தடைக்காலம் முடிந்த மறுவாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அந்த மணலில் விளையாடிய என் அக்கா மகனை நாய் கெண்டைக்காலில் பிடித்துவிட்டது. 9 வயசு. நல்ல ரத்தம்.

அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அன்று ஊரிலேயே புத்தியோடு நடந்தது அவள்தான். எங்கள் பக்கம் கிணற்றில் உப்புத் தண்ணி, குடிக்கக் காசு கொடுத்துக் குடம் குடமாக வாங்குகிறோம். அந்தக் குடிதண்ணீர்க் குடம் ரெண்டையும் அவன் காலில் ஊற்றி, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் வை, சுண்ணாம்பு வை என்று சொன்ன கிழவிகளையெல்லாம் விரட்டிவிட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் மட்டும் இருந்தார். கோபமெல்லாம் படவில்லை, தன்மையாகத்தான் சொன்னார்: "மருந்து இருக்குண்ணே. ஒரு பையனுக்காக பாட்டில உடைக்க முடியாது. நாலஞ்சு பேரு சேரணும். திங்கக்கெழம வாங்க. அவசரம்னா ராம்நாடு கூட்டிட்டுப் போயிருங்க." வாசலிலேயே பேச்சு முடிந்தது. ஓபி சீட்டுகூடப் போடவில்லை. ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனோம், ஊசி போட்டார்கள். 0, 3, 7, 28 என்று நாலு நாள் கணக்கு. மிச்ச மூன்று ஊசிக்கும் டவுனுக்கே அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் அத்தானுக்கு ஒரு நாள் கடல் போச்சு.

அந்தப் 'பாட்டில்' கதையைச் சொல்லிவிடுகிறேன், சிஸ்டர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசியைத் தோலுக்குள் போடுகிறார்கள். ஒரு கைக்கு 0.1 மில்லி, ஆக ரெண்டு கைக்கும் 0.2. ஒரு மில்லி குப்பியைக் கரைத்தால் 5 பேருக்கு வரும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான். ஆனால் ஆள் சேரட்டும் என்று காத்திருக்கிற நோய் இல்லை வெறிநாய்க்கடி. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதற்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) போட வேண்டும். அதற்காக டவுனுக்கு அனுப்பியிருந்தால் நியாயம். முதல் ஊசியை இங்கே போட்டு, சீட்டில் எழுதி, 108-ல் ஏற்றி விட்டிருக்கலாம். திங்கட்கிழமை வா என்பதுதான் கணக்கில் வராதது.

கோபத்தில் ரெண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். டாக்டர் வருவதில்லை, மருந்து இல்லை, கழிப்பறை நாறுகிறது என்று உலகத்தில் உள்ள குறையெல்லாம் அதில் இருந்தது. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. விசாரித்தால், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பிரிவுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, நாம் பொதுவாக 'ஜிஹெச்' என்று சொல்வது மூன்று வெவ்வேறு வீடுகள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழே. அதற்குப் பொறுப்பான அதிகாரியை முன்பு துணை இயக்குநர் என்றார்கள், இப்போது மாவட்ட சுகாதார அலுவலர். எங்கள் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று ரெண்டு சுகாதார மாவட்டங்கள் உண்டு, உங்கள் ஒன்றியம் எதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கு இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி என்றால் டீன். மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2022-ல் சேர்ந்த முதல் 50 மாணவர்களுக்கு உட்காரப் பெஞ்சு கொடுத்தது எங்கள் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிதான். அதைப் பற்றி டிவியில் எத்தனை ராத்திரி விவாதம்! குப்பியை உடைக்காததைப் பற்றி விவாதிக்க யார் வருவார்கள்?

ரெண்டாவது தடவை தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதினேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அரைப் பக்கம். குறை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றே கேள்வி: அந்த மாதம் நாய்க்கடி ஊசி இருப்புப் பதிவேட்டின் நகல், அதே மாதம் ஊசி போட்டவர்களின் எண்ணிக்கை தேதிவாரியாக, இத்தனை பேர் சேர்ந்தால்தான் குப்பியைத் திறக்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தால் அதன் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு நாலு நாள் தாமதமாக வந்தது. அந்தச் சனிக்கிழமை கையிருப்பு இருந்தது. சுற்றறிக்கை 'ஏதுமில்லை'.

அந்த ஒற்றைத் தாளை அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து வாசித்தேன். கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டர் சின்னப் பெண், வந்து ஒரு வருஷம்கூட இருக்காது. மறுக்கவில்லை. "சார், வேஸ்டேஜ் காட்டுனா ரிவ்யூ மீட்டிங்ல கேக்குறாங்க. அதுக்குப் பயந்துதான் ஸ்டாஃப் அப்படிச் செய்றாங்க" என்றார்.

எனக்குப் பளிச்சென்றது அங்கேதான். 1994-ல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் வந்ததிலிருந்து மருந்துக்கு நம் மாநிலத்தில் கணக்கு பலமாக இருக்கிறது, எடுத்த மருந்தைக் குறிக்க ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக்கே உண்டு. கொட்டிய 0.8 மில்லிக்குப் பதிவேடு இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட பையனுக்கு எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை. மேலே இருப்பவர் கேட்பது குப்பியைத்தான், பையனை யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க சிஸ்டர் எதைக் காப்பாற்றுவார்?

அதனால் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது, சண்டை போடாதீர்கள், ஓபி சீட்டு கேளுங்கள். பார்க்க முடியாது, வேறு இடம் போ என்றாலும் "அதையே சீட்டுல எழுதிக் குடுத்துருங்க சிஸ்டர்" என்று நில்லுங்கள். பாதி நேரம் எழுதுவதற்குப் பதில் வைத்தியமே பார்த்துவிடுவார்கள். எழுதித் தந்தால் உங்கள் கையில் தேதியோடு ஒரு தாள் இருக்கிறது, மேலே கேட்க அது போதும். 104-க்குப் போன் போட்டாலும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

எங்கள் நிலையத்தில் இன்னும் கழிப்பறை நாறுகிறது. டாக்டருக்கும் மாற்றல் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, நண்டு கழற்றும் பாட்டி ஒருவரை அதே கரை நாய்களில் ஒன்று கடித்தது. மறுநாள் கையை நீட்டிக் காட்டி என்னிடம் சொன்னார்: "எனக்கு ஒருத்திக்குன்னு பாட்டில உடைச்சாகப்பா. மிச்சத்த என்னய்யா பண்ணுவாக?"