கூடுதல் கணிதத்தில் 'இ' வாங்கியவர் கணிதப் பட்டம் படிக்க வேண்டுமா?

பிறையிலிருந்து 24 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எஸ்.பி.எம்.மில் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) கணிதத்தில் பி, கூடுதல் கணிதத்தில் இ. கணினி டிப்ளோமா முடித்து, இரண்டு வருடமாக பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய நிறுவனத்தில் இணையச் செயலிகள் எழுதுகிறேன். பெரிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராகச் சேர ஆசை. கூடுதல் கணிதத்தைத் திரும்ப எழுதவா, பகுதி நேரமாகக் கணிதப் பட்டம் படிக்கவா? சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகிறது."

தம்பி, கணிதப் பட்டத்துக்கு இப்போது காசு கட்டாதீர்கள். ஆனால் கணிதத்தை விட்டுவிடாதீர்கள்.

பல வருடங்களாக வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். கூடுதல் கணிதத்தில் என்ன கிரேடு என்று யாரிடமும் கேட்டதில்லை. நீங்கள் எழுதிய நிரலைக் காட்டச் சொல்வேன். 'இதே வேலையை நூறு மடங்கு தரவுக்குச் செய்தால் என்ன ஆகும்?' என்று கேட்பேன். பலர் தடுமாறுவது அங்கேதான்.

நானும் தடுமாறியிருக்கிறேன். முதல் வேலையில், இரண்டு வாடிக்கையாளர் பட்டியல்களை ஒப்பிட்டுப் பொதுவான பெயர்களை எடுக்கும் நிரல் ஒன்று எழுதினேன். ஒரு பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் மற்றதிலுள்ள பெயர்களை முதலிலிருந்து கடைசி வரை தேடும். 200 பெயர்களை வைத்துச் சோதித்தபோது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நிஜப் பட்டியல்களில் தலா 40,000 பெயர்கள். பெருக்கினால் 160 கோடி ஒப்பீடு! இரவு ஓட விட்ட அறிக்கை காலை வரை வரவில்லை. மூத்த சக ஊழியர் ஒருவர் முதல் பட்டியலை ஒரு ஹேஷ் அட்டவணையில் (முழுப் பட்டியலையும் தேடாமல் பெயரை நேராக எடுத்துத் தரும் அமைப்பு) போட்டு, இரண்டாவதை ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். மொத்தம் 80,000 படிகள்தான். நான் பார்க்கத் தவறியது வெறும் பெருக்கல். எதைப் பெருக்க வேண்டும் என்பதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது இந்த வகைக் கணிதம். தனிநிலைக் கணிதம் என்பார்கள்: தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள், வலைவரைபுகள் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்). அதனுடன் கொஞ்சம் நிகழ்தகவு. உங்களை வாட்டிய தொகையீடு இதில் ஏறக்குறைய வராது.

ஒரு உதாரணம் பாருங்கள். 60 வயது நிரம்பிய உறுப்பினருக்குக் கழிவு உண்டு, மற்றவர்கள் முழு விலை கட்ட வேண்டும். அந்த 'மற்றவர்கள்' யார்? அவசரத்தில் பலர் 'உறுப்பினரும் இல்லை, 60 வயதும் ஆகவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் 30 வயது உறுப்பினர் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் விழுந்துவிடுவார். சரியான நிபந்தனை 'உறுப்பினர் இல்லை அல்லது 60 ஆகவில்லை'. இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்த ஆங்கிலேயர். நம் பிள்ளைகளுக்கு இதை நான் எப்போதும் சொல்வதுண்டு. நீங்கள் தினமும் தொடும் தரவுத்தளமும் கணக் கோட்பாட்டின் மேல் நிற்பதுதான். 1970இல் அதற்கு அடித்தளம் போட்ட எட்கர் காட் கணிதம் படித்தவர்.

பணக் கணக்கும் அப்படித்தான். கணினியில் 0.1உடன் 0.2ஐக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலான மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் முழுதாக எழுத முடியாதது போல, பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. அதனால் ரிங்கிட்டைச் சென்னாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத் தொகையை 5 சென்னுக்குச் சரிசெய்வதைக் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள்.

சரி, சான்றிதழ் எங்கே உதவும்? பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் சலிக்கும்போது 'பட்டம் உண்டா' என்று பார்ப்பது வழக்கம். அந்தத் தடையைத் தாண்டக் கணினிப் பட்டமே போதும், பாடத்திட்டத்திலேயே தனிநிலைக் கணிதம் இருக்கும். சேர்க்கைக்குக் கூடுதல் கணிதத்தில் கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) கேட்கும் இடங்கள் நிறைய. அது இல்லாமல் கணிதத்தில் மட்டும் கிரெடிட் உள்ளவர்களுக்கு முதலில் ஒரு வலுவூட்டல் கணிதப் பாடம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆகவே தனியார் தேர்வராகப் பெயர் பதிவதற்கு முன், முடிவுத் தாளோடு சேர்க்கை அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த வலுவூட்டல் பாடம் உண்டா? டிப்ளோமாவில் படித்த எத்தனை பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டாம் என்று கழித்துக்கொள்வார்கள்? எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறதா? பாடங்களைக் கழித்தால் காலமும் கட்டணமும் குறையும். உங்கள் நிலையில் அது பெரிய விஷயம்.

இயந்திரக் கற்றல், மறையாக்கம், சமிக்ஞைச் செயலாக்கம் என்று போக நினைத்தால் என் பதில் மாறும். அங்கே நேரியல் இயற்கணிதமும் நுண்கணிதமும் ஆழமாக வேண்டும்; தனியாகப் படித்து அந்த ஆழத்துக்குப் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்புறம், இன்னும் நான்காம் படிவத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், கூடுதல் கணிதத்தைக் கைவிடாதீர்கள். பிறகு அதே கதவைத் திறக்க ஒரு வருடம் கூடுதலாக ஆகலாம்.

உங்களுக்கு இப்போதைக்கு எம்.ஐ.டி. இலவசமாகப் போட்டிருக்கும் 'கணினி அறிவியலுக்கான கணிதம்' பாடம் போதும். வேலை முடிந்து வந்து வாரம் மூன்று இரவு, ஒரு மணி நேரம். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், அலுவலகத்தில் நீங்கள் எழுதிய நிரலில் அது எங்கே வருகிறது என்று தேடுங்கள். தொடக்கத்திலேயே கணிதத் தொகுத்தறிதல் (ஒரு எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று காட்டி எல்லா எண்ணுக்கும் நிரூபிக்கும் முறை) வரும், பலர் நிறுத்திவிடுவது அங்கேதான். நீங்களும் அங்கே சிக்கினால் எந்த வரியில் சிக்கினீர்கள் என்று எழுதுங்கள், அதை மட்டும் தனியாக விளக்குகிறேன்.