மடக்கை 2.4, அடிமானம் 3: விடை ஏன் 251?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

படிவம் 4 படிக்கும் மகனின் கணக்கில் அடிமானம் 3, மடக்கை 2.4; எதிர்மடக்கை, அதாவது அந்த மடக்கைக்கு உரிய எண், என்ன என்று கேட்கிறார்கள். கால்குலேட்டரில் ஷிப்ட், லாக் அழுத்தினால் 251.19 வருகிறது, புத்தகமோ 13.97 என்கிறது. இதுதானே பிரச்சினை?

புத்தகம் சரி, கால்குலேட்டரும் சரி. அந்தப் பொத்தானுக்கு 10 மட்டும்தான் தெரியும்; அது 10^2.4-ஐத்தான் கொடுத்தது. எதிர்மடக்கை என்றால் அடிமானத்தை அந்த அடுக்குக்கு உயர்த்துவது, அவ்வளவுதான். மகனை 3 அழுத்தி, அடுக்குப் பொத்தானைத் தட்டி, 2.4 போடச் சொல்லுங்கள். 13.966... வரும். லான் (ln) பொத்தானுக்கு மேலே இருப்பது இயற்கை மடக்கைக்கு, அதன் அடிமானம் 2.718 சொச்சம். அதை அழுத்தினால் 11.02 வரும், அதுவும் இங்கே உதவாது.

வீட்டில் பழைய சிஃபிர் புத்தகம் (கணித அட்டவணைப் புத்தகம்) இருந்தால் அதிலும் பார்க்கலாம். 3-இன் 10 அடிமான மடக்கை 0.4771. அதை 2.4-ஆல் பெருக்கினால் 1.1450. அட்டவணையில் .1450-க்கு 1.396; முன்னால் உள்ள 1-க்காகப் பத்தால் பெருக்க, 13.96. கடைசி இலக்கம் இடிப்பது நான்கு இலக்க அட்டவணையின் குணம், பயப்பட வேண்டாம்.

குறை எண் வந்தாலும் இதே வழிதான்: அடிமானம் 2, மடக்கை -1.5 என்றால் 0.3536. விடை குறை எண்ணாக வந்தால் மகன் எங்கோ தவறாக அழுத்தியிருப்பான்.